டஸ்கனியில் ஒரு வாரம்: வில்லாவிலிருந்து கடற்கரை, சிற்றூர், கலைநகரம் என்று எங்கெல்லாம் போய்வருவது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் கோடையில், ஜூன் 27 சனிக்கிழமை முதல் ஜூலை 4 சனிக்கிழமை வரை, இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் வில்லா ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்க இருக்கிறோம். சென்னையிலிருந்து நானும் என் மனைவியும் என் பெற்றோரும் வருகிறோம். ஸ்டுட்கார்ட்டில் குடியிருக்கும் தங்கை, கணவரோடும் ஏழு, பதினொரு வயதுப் பிள்ளைகளோடும் காரில் வந்து சேர்ந்துகொள்வாள். நாங்கள் பீசா விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுப்போம்.

தங்கை இரண்டு வீடுகளைப் பார்த்து அனுப்பியிருக்கிறாள். ஒன்று, புளோரன்சுக்கும் சியேனாவுக்கும் நடுவே கியாந்தி மலைச்சரிவில், திராட்சைத் தோட்டங்களுக்குள் இருக்கிறது. மற்றொன்று கடலிலிருந்து பதினைந்து இருபது நிமிடத் தொலைவில், செச்சினா ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தவாறு மோந்தெஸ்குதாயோ என்னும் சிற்றூருக்கு அருகில் இருக்கிறது. இரண்டிலும் நீச்சல்குளம் உண்டு. வாடகையிலும் பெரிய வேறுபாடு இல்லை. அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், அவருக்குக் கலைநகரங்கள் வேண்டும். பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் படிகளும் செங்குத்தான தெருக்களும் ஆகா. அவர் சைவம் வேறு. எந்த வீட்டை எடுத்தால் எல்லோருக்கும் பொருந்தும், அங்கிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும்படி எந்தெந்த ஊர்களைப் பார்க்கலாம் என்று அறிந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

சூரிச்வாசி எழுதியது:

இரண்டாவது வீட்டை எடுங்கள் என்பதே என் கருத்து. கியாந்தி அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து கடலுக்குப் போக வளைந்து வளைந்து இறங்கி இரண்டு மணி நேரம் ஆகிவிடும். பிள்ளைகள் ஒரு முறை போய்வந்தபின் மறுமுறை கேட்கமாட்டார்கள், நீங்களும் கூட்டிப்போகமாட்டீர்கள். மோந்தெஸ்குதாயோவிலிருந்து கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வோல்தெர்ராவுக்கு முக்கால் மணி நேரமும் பீசாவுக்கு ஒரு மணி நேரமும் போதும், லூக்காவுக்கு அதற்குமேல் சற்று ஆகும். சியேனாவும் புளோரன்சும் மட்டுமே தொலைவு என்று சொல்லத்தக்கவை. இரண்டுக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது.

அதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டுப் பேரையும் தினமும் ஒரே ஊருக்கு இழுத்துக்கொண்டு போகத் திட்டமிடாதீர்கள். ஓட்டலில் தங்காமல் வில்லா எடுப்பதன் பெரிய வசதியே, காலையில் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து போய் இரவு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியும் என்பதுதான். உங்களிடம் இரண்டு கார்கள் இருக்கும். அப்பாவும் நீங்களும் ஓவியம் பார்க்கப் போகும் நாளில், அம்மாவும் தங்கை குடும்பமும் பைன் மர நிழலில் கடற்கரையில் இருக்கலாம். எட்டுப் பேரும் சேர்ந்து போவதற்குச் சிற்றூர்களை வைத்துக்கொள்ளுங்கள். அவை மாலை நேரத்துக்கு உரியவை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், யாருக்கும் அலுப்புத் தட்டாது.

உங்கள் மைத்துனருக்கு ஒரு குறிப்பு: ஸ்டுட்கார்ட்டிலிருந்து சுவிட்சர்லாந்து வழியாக வந்தால், 40 பிராங்க் கொடுத்து ஆண்டு முழுவதற்குமான நெடுஞ்சாலை வில்லை வாங்கியாக வேண்டும். கோடைச் சனிக்கிழமைகளில் கோத்தார்டு சுரங்கப்பாதையின் வடக்கு வாயிலில் கிலோமீட்டர் கணக்கில் கார்கள் நிற்கும். வில்லாக்கள் சனி முதல் சனி வரை வாடகைக்கு விடப்படுவதால் வடக்கு ஐரோப்பாவே அன்று தெற்கு நோக்கிக் கிளம்பிவிடும். வெள்ளி மாலையே புறப்பட்டு வழியில் ஓரிடத்தில் தங்கிவிடுவது நல்லது. முடியாவிட்டால் சான் பெர்னார்தினோ வழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

சூரிச்வாசியோடு நான் உடன்படவில்லை. வரலாற்று ஆசிரியர் ஒருவர் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் புளோரன்சை ஒரே பகலில், அதுவும் திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே முடிப்பது என்ன நியாயம்? புரூனெல்லெஸ்கி 1436இல் கட்டி முடித்த பேராலயக் குவிமாடம் ஒன்றையே அரை நாள் நின்று பார்க்கலாம். முழு மரச் சாரம் தரையிலிருந்து எழுப்பாமல், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு கூடுகளை வைத்து, செங்கற்களை மீன்முள் வடிவில் பின்னி மேலே மேலே ஏற்றியிருக்கிறார். உஃபிசி, அக்கதேமியா, பர்ஜெல்லோ, சான் மார்க்கோ என்று அருங்காட்சியகங்களையும் சேர்த்தால் மூன்று நாளும் போதாது. கடற்கரை மெரினாவிலும் இருக்கிறது. கியாந்தி வீட்டை எடுத்தால் புளோரன்சுக்கு இரண்டு முறையும் சியேனாவுக்கு இரண்டு முறையும் போய்வரலாம்.

நிழல்விரும்பி எழுதியது:

நான் ஆய்வுப் பணிக்காகச் சில ஆண்டுகளாகப் பீசாவில் வசிப்பவள் என்பதால் இடையில் நுழைகிறேன்.

கல்வெட்டுப்பித்தன் ஐயா புளோரன்சைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கமாட்டேன். ஆனால் அதே காரணத்தால்தான் புளோரன்சு வில்லாவிலிருந்து போய்வரும் ஊர் அன்று என்று நினைக்கிறேன். ஜூன் கடைசியில் அந்தக் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது வழக்கம். கல் பாவிய தெருவில் நிழல் குறைவு, உட்கார இடம் குறைவு, கூட்டமோ சொல்லி மாளாது. அதற்குக் கியாந்தியிலிருந்து போனாலும் மோந்தெஸ்குதாயோவிலிருந்து போனாலும் ஒன்றுதான். அப்பாவுக்குப் புளோரன்சு வேண்டுமென்றால் வில்லாவைச் சனிக்கிழமை காலி செய்தபின் நகருக்குள்ளேயே இரண்டு இரவு அறை எடுத்துக்கொடுத்து, வாடகைக் காரைத் திருப்பிவிட்டு, நடந்து பார்க்கச் செய்யுங்கள். ஜூலை 5 மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் அன்று அரசு அருங்காட்சியகங்களுக்கு நுழைவு இலவசம். அதனாலேயே உஃபிசியின் வரிசை மிக நீளமாக இருக்கும். மறுநாள் திங்கட்கிழமை, உஃபிசியும் அக்கதேமியாவும் மூடியிருக்கும். ஆகவே உஃபிசியை அதற்கு முன்பே, வாரத்தின் நடுவில் ஒரு நாள் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு நாளைக் குவிமாடத்துக்கும் தேவாலயங்களுக்கும் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

ரயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. செச்சினா ஊர், பீசாவிலிருந்து ரோமுக்குப் போகும் கடலோர இருப்புப்பாதையில் இருக்கிறது. காரை அங்கே நிறுத்திவிட்டு ஏறினால், பீசாவில் வண்டி மாறிப் புளோரன்சு சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அடையலாம். மாகாண ரயில்களில் காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம் போடுவார்கள்.

இனி என் ஊர். பீசாவைச் சாய்ந்த கோபுரத்துக்கு முன்னால் கையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் இடம் என்று பலர் அரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம். 1173இல் தொடங்கிய கோபுரம் மூன்றாம் அடுக்கு ஏறும்போதே களிமண் தரையில் புதையத் தொடங்கியது. போர்களால் வேலை நூறாண்டுக்கு அருகில் நின்றுபோனதுதான் அதைக் காப்பாற்றியது என்று மண்ணியல் அறிஞர்கள் சொல்கிறார்கள், ஏனென்றால் அந்த இடைவெளியில் அடிமண் இறுகிவிட்டது. 1990இல் பொதுமக்களுக்கு மூடினார்கள். பிறகு வடக்குப் பக்க அடித்தளத்தின் கீழிருந்து சிறிது சிறிதாக மண்ணை உறிஞ்சி எடுத்து, சாய்வை ஐந்தரைப் பாகையிலிருந்து நான்கு பாகைக்குக் குறைத்து, 2001 டிசம்பரில் திறந்தார்கள். எட்டு வயது நிறையாத பிள்ளைகளைக் கோபுரத்தில் ஏற்றமாட்டார்கள். உங்கள் சின்ன மருமகப்பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் போய் அழ வேண்டாம்.

அப்பாவை நான் அழைத்துப்போகச் சொல்வது கோபுரத்துக்கு அன்று, அதே புல்வெளியின் வடக்கு ஓரத்தில் இருக்கும் காம்போசாந்தோ என்ற இடுகாட்டு மண்டபத்துக்கு. 1944 ஜூலையில் குண்டு விழுந்து கூரை தீப்பற்றியபோது, ஈயத் தகடுகள் உருகிச் சுவரோவியங்களின் மேல் வழிந்தன. எஞ்சியவற்றைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்துப் பல பத்தாண்டுகள் செப்பனிட்டு மீண்டும் மாட்டியிருக்கிறார்கள். பெயர்த்தபோது அடியில் சிவப்புக் காவியில் ஓவியர்கள் போட்டிருந்த முதற்கோடுகள் வெளிப்பட்டன; அவற்றுக்கென்று எதிரிலேயே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் ஆளே இருக்காது.

அம்மாவுக்கு ஏற்ற கலைநகரம் லூக்கா. முழுவதும் சமதளம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பிய கோட்டைமதில் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஊரைச் சுற்றி வருகிறது. மதிலின் உச்சி அகன்ற சாலை போல இருக்கும், இருபுறமும் மரங்கள் உண்டு. மிதிவண்டி மட்டுமன்றி, குடும்பமாக உட்கார்ந்து மிதிக்கும் நான்கு சக்கர வண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். பிள்ளைகள் மிதிக்க அம்மா பின்னால் உட்கார்ந்து ஊரையே சுற்றிவரலாம். பீசாவின் சான் ரொஸ்ஸோரே நிலையம் கோபுரத்துக்கு மிக அருகில் இருக்கிறது, அங்கிருந்து லூக்காவுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் இணைப்பது எளிது.

வைகைக்கரை எழுதியது:

மிக்க நன்றி. தங்கையிடம் பேசினேன், இரண்டாவது வீட்டையே எடுக்கலாம் என்று அவளும் சொல்லிவிட்டாள்; கல்வெட்டுப்பித்தன் ஐயா மன்னிக்க வேண்டும். இப்போது கார் ஓட்டுவது பற்றிக் கேட்க வேண்டும். இத்தாலியில் ஊருக்குள் கார் நுழைந்தால் அபராதம் வரும் என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். அது எவ்வளவு உண்மை?

மூன்றாம்கியர் எழுதியது:

முழுக்க உண்மை. பழைய நகரங்களின் நடுப்பகுதியில் உரிமம் பெற்ற வண்டிகளைத் தவிர மற்றவை நுழையக்கூடாது. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகையும், அதன்கீழ் நேர விவரமும் இருக்கும். காவலர் யாரும் நிற்கமாட்டார், கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும். பீசா, லூக்கா, புளோரன்சு, சியேனா, வோல்தெர்ரா எல்லாவற்றிலும் இது உண்டு. வெளிநாட்டவருக்கு அபராத அறிவிக்கை அனுப்ப 360 நாள் அவகாசம் சட்டத்திலேயே இருப்பதால், சென்னைக்குத் திரும்பி நீங்கள் மறந்துபோன பிறகு கடிதம் வரும். அதற்கு முன்பே வாடகைக் கார் நிறுவனம், உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தை உங்கள் கடன் அட்டையில் எடுத்திருக்கும். வழிகாட்டும் செயலி சொல்கிறதே என்று திரும்பிவிட வேண்டாம்; மதிலுக்கு வெளியே ஒரு நிறுத்துமிடத்தைக் காலையிலேயே தேர்ந்து, செயலியில் அதன் பெயரையே இலக்காக இடுங்கள்.

நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு என்றால் பொதுவாக இலவசம், நீலம் என்றால் கட்டணம், மஞ்சள் என்றால் அங்கு வசிப்பவர்களுக்கு உரியது. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம் வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள்.

புளோரன்சுக்குக் காரில்தான் போவது என்று முடிவானால், ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து நேரே திரும்பும் வில்லா கோஸ்தான்சா நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு டிராமில் ஏறுங்கள். இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், நகருக்குள் காரை எடுத்துச்செல்லும் தொல்லையே இல்லை. ஆனால் கடற்கரைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு அது சற்றுச் சுற்றுவழி, ரயிலே மேல். ரொசிஞானோவோடு ஏ12 கட்டணச் சாலை முடிந்து, தெற்கே இலவச நான்குவழிச் சாலையாகத் தொடர்வது உங்களுக்கு வசதி. பெட்ரோல் நிலையங்களில் ஆள் வந்து ஊற்றும் குழாய்க்கு ஒரு விலை, நாமே ஊற்றிக்கொள்ளும் குழாய்க்குக் குறைந்த விலை. பலகையைப் பார்த்து நிறுத்துங்கள்.

தேனடை எழுதியது:

கடற்கரையைப் பற்றி யாரும் விரிவாக எழுதாததால் நான் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் கோடைதோறும் போவது அந்தப் பக்கம்தான்.

மரீனா தி செச்சினாவின் வடக்கிலும் தெற்கிலும் மணலுக்குப் பின்னால் பைன் காடு நீளமாக ஓடுகிறது. கடற்காற்று வயல்களைக் கெடுக்காமல் தடுப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் டஸ்கனியின் பெருங்கோமகன் காலத்தில் நட்டு வளர்த்தது. அம்மாவைக் காட்டுக்குள் நிழலில் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகளை ஐந்து நிமிட நடையில் தண்ணீருக்குக் கூட்டிப்போகலாம். இத்தாலியக் கடற்கரை நம் ஊரைப் போல எங்கும் திறந்து கிடப்பதன்று. பெரும்பகுதி குத்தகைக்கு விடப்பட்டு, வரிசை வரிசையாகக் குடையும் சாய்வு நாற்காலியும் போட்டிருப்பார்கள். ஒரு குடை, இரண்டு நாற்காலி என்று நாள் வாடகை கேட்பார்கள், முதல் வரிசைக்கு விலை கூடும். கழிப்பறை, குளியல், உயிர்காப்பாளர், காப்பிக் கடை எல்லாம் அதில் அடங்கும். மூட்டுவலி உள்ளவர் தரையில் உட்கார்ந்து எழுவது கடினம் என்பதால், அம்மா வரும் நாளில் மட்டும் இந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். மற்ற நாள்களில் இடையிடையே விடப்பட்டிருக்கும் இலவசக் கடற்கரைக்கு நம் குடையை நாமே தூக்கிக்கொண்டு போகலாம். குத்தகைப் பகுதியிலும் அலை தொடும் ஐந்து மீட்டர்ப் பட்டை எல்லோருக்கும் பொது; அதில் நடப்பதை யாரும் தடுக்க முடியாது, ஆனால் அங்கே துண்டு விரித்துப் படுக்கக்கூடாது.

ரொசிஞானோவில் வெண்மணல் கடற்கரை ஒன்று இருக்கிறது. கரீபியத் தீவு போலப் பால்வெள்ளை மணலும் நீலப்பச்சைத் தண்ணீருமாகப் படங்களில் மயக்கும். அந்த வெண்மை இயற்கையன்று. அருகிலுள்ள சோடா ஆலை பல பத்தாண்டுகளாகக் கடலில் விட்ட சுண்ணாம்புக் கழிவின் படிவு. கடந்த நூற்றாண்டில் பாதரசமும் அந்த வழியே கடலில் கலந்திருக்கிறது. இத்தாலியர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே குளிக்கிறார்கள் என்பதும் உண்மைதான். நான் என் பிள்ளைகளைக் குளிக்க விடமாட்டேன். மேலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.

நான் நெஞ்சாரப் பரிந்துரைப்பது பராத்தி வளைகுடா. வில்லாவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிறை வடிவக் கடற்கரை, ஆழமில்லாத தண்ணீர், பின்னால் புல்வெளியும் குடைபோல் விரிந்த பைன் மரங்களும். மணல் சற்றுக் கறுத்து வெயிலில் மினுமினுக்கும், இரும்புத் துகள் கலந்திருப்பதால். ஒன்பதரைக்குள் போய்ச் சேர்ந்தால்தான் நிறுத்துமிடம் கிடைக்கும்.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

பராத்தி என்ற பெயரைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. வைகைக்கரை, உங்கள் அப்பாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ரோமானியருக்கு முன் இந்தப் பகுதியில் வாழ்ந்த எத்துருஸ்கரின் நகரங்களுள் நேரடியாகக் கடலோரத்தில் அமைந்தது, இந்த வளைகுடாவில் இருந்த பொப்புலோனியா ஒன்றுதான். எதிரே தெரியும் எல்பா தீவில் வெட்டிய இரும்புத் தாதுவை இங்கே கொண்டுவந்து உருக்கினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் உலைக்கழிவைக் கொட்டிக் கொட்டி, அதற்கு முந்தைய தலைமுறையினரின் கல்லறைகளே புதைந்துபோயின. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பழைய உலைகள் முழுவதும் பிரித்தெடுக்காமல் விட்ட இரும்புக்காக அந்தக் கசடு மேட்டை மீண்டும் தோண்டி உருக்கப் புறப்பட்டபோதுதான் கல்லறைகள் வெளியே வந்தன. சான் செர்போனே இடுகாடு கடலுக்கு மிக அருகில், பெரும்பாலும் சமதளத்தில் இருக்கிறது. தேர்க் கல்லறை என்று பெயரிட்ட வட்டக் கட்டடம் 28 மீட்டர் விட்டம் கொண்டது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் நேரத்தில் அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். 1968இல் மீனவர் ஒருவரின் வலையில் இங்கேதான் பழங்காலத்து வெள்ளிக் குடம் ஒன்று சிக்கியது. இப்போது அது பியோம்பினோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எத்துருஸ்கரைத் தொடர்ந்து வோல்தெர்ரா. சான் ஜிமிஞானோவின் கோபுரங்களைப் பார்க்க எல்லோரும் ஓடுகிறார்கள், எழுபதுக்கு மேல் இருந்தவற்றுள் இன்று 14 நிற்கின்றன, அழகுதான். ஆனால் காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை சுற்றுலாப் பேருந்துகள் அந்தச் சிறிய ஊரை மூழ்கடித்துவிடும். நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டு வோல்தெர்ராவுக்கே முழு நாளைக் கொடுங்கள். குவர்னாச்சி அருங்காட்சியகத்தில் சாம்பல் பேழைகள் மட்டும் 600க்கு மேல் இருக்கின்றன. பலவற்றின் மூடியில் இறந்தவர் விருந்துக்குச் சாய்ந்திருப்பது போன்ற உருவம். குச்சிபோல் நீண்டு மெலிந்த வெண்கலச் சிறுவன் சிலையும் அங்கேதான் உள்ளது, இருபதாம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவர் செய்தது என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். தெற்கு மதிலில் எத்துருஸ்கர் கட்டிய வளைவு வாயில் இருக்கிறது. 1944 ஜூன் கடைசியில், பின்வாங்கிய ஜெர்மன் படை அதை வெடிவைத்துத் தகர்க்க இருந்தது. ஊர்மக்கள் தெருவில் பாவியிருந்த கற்களைப் பெயர்த்தெடுத்து, ஒரே நாளில் வாயிலை அடைத்துக்காட்டிக் காப்பாற்றிவிட்டார்கள். நீங்கள் அங்கே இருக்கப்போவதும் ஜூன் கடைசியில்தான்.

வைகைக்கரை எழுதியது:

அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். வோல்தெர்ராவுக்கு எந்த நாள் என்று இப்போதே கேட்கிறார். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஜூலை 2 சியேனாவில் குதிரைப் பந்தயம் என்று படித்தேன், அன்று போகலாமா? அம்மாவின் சாப்பாட்டுக்கு வெளியில் என்ன கிடைக்கும்?

சூரிச்வாசி எழுதியது:

ஜூலை 2 அன்று பெற்றோரோடு போகாதீர்கள். பாலியோ என்ற அந்தப் பந்தயம், காம்போ சதுக்கத்தைச் சுற்றி மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் நடுவில் இலவசமாக நின்று பார்க்க வேண்டுமென்றால் பல மணி நேரம் முன்பே உள்ளே போய், வெயிலில், வெளியேற வழியின்றி நிற்க வேண்டும். ஓர இருக்கைகளுக்கோ விலை மிக அதிகம், முன்பே விற்றும் போயிருக்கும்.

அதற்குப் பதில் ஒத்திகை ஓட்டத்தைப் பாருங்கள். ஜூன் 29 காலையில் குதிரைகளைக் குலுக்கல் முறையில் பேட்டைகளுக்குப் பிரித்துக்கொடுத்து, அன்று மாலை முதல் ஜூலை 2 காலை வரை ஆறு ஒத்திகைகள் நடத்துவார்கள். ஊரில் உள்ள 17 பேட்டைகளுள் பத்து மட்டுமே ஒரு பந்தயத்தில் ஓடும். சதுக்கத்தில் மண் கொட்டியிருக்கும், பேட்டைக் கொடிகள் தெருவெல்லாம் தொங்கும், பாட்டும் சண்டையும் அசலாகவே இருக்கும், கூட்டமோ தாங்கக்கூடிய அளவு. புதன்கிழமை ஜூலை 1 அன்று சந்தையும் இருப்பதால் நிறுத்துமிடம் சிக்கல். செவ்வாய் ஜூன் 30 போவதே நல்லது. சாந்தா கத்தரீனா நிறுத்துமிடத்திலிருந்து பேராலயத்தின் பக்கம் வரை நகரும் படிகள் இருக்கின்றன, அம்மாவுக்கு ஏற்றமே தெரியாது. பேராலயத்தின் பளிங்குத் தரைச் சித்திரங்கள் ஆண்டின் பெரும்பகுதி பலகையால் மூடியிருக்கும். வழக்கமாக ஜூன் கடைசியில் சில வாரங்களுக்குத் திறப்பார்கள், உங்களுக்கு அந்த வாய்ப்பு உண்டு.

அரசு மாளிகையில் அம்புரோஜோ லொரென்செத்தி 1338, 1339இல் வரைந்த நல்லாட்சி, தீய ஆட்சிச் சுவரோவியங்களை அப்பா தவறவிடக்கூடாது. ஊரை ஆண்ட ஒன்பதின்மர் அவை கூடிய அறை அது. உத்தரவு போடும்போது எதிர்ச்சுவரில், கொடுங்கோல் ஆட்சியில் ஊர் எப்படிப் பாழாகும் என்பது அவர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது. பத்தே ஆண்டில் கொள்ளைநோய் வந்து பாதி ஊரை அள்ளிக்கொண்டு போனது. பேராலயத்தை இருமடங்காக்க எழுப்பத் தொடங்கிய புதுக் கட்டடத்தின் முகப்புச் சுவர் அப்படியே தனியாக நிற்பதையும் பார்க்கலாம்.

தேனடை எழுதியது:

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பாதி நாள் வில்லாவிலேயே சமைப்பீர்கள். அரிசி, துவரைக்கு மாற்றாகச் சிவப்பு மைசூர்ப் பருப்பு, தயிர், நல்ல தக்காளி எல்லாம் செச்சினாவின் பேரங்காடிகளில் கிடைக்கும், புளியும் பெருங்காயமும் மட்டும் தங்கை கொண்டுவர வேண்டும். வெளியில் அம்மாவுக்கு முதலில் வாங்கிக்கொடுக்க வேண்டியது, கொண்டைக்கடலை மாவை ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்த்துக் கரைத்துப் பெரிய செப்புத்தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் சுட்டெடுக்கும் அடை. நம் கடலைமாவுத் தோசையின் ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருக்கும். பீசாவில் இதைச் செச்சினா என்றும், லிவோர்னோவில் தோர்த்தா என்றும் கேட்டு வாங்குங்கள். மிளகுத்தூள் தூவித் தருவார்கள். தக்காளியும் ரொட்டியும் சேர்த்துக் குழைத்த பாப்பா அல் பொமொதோரோ, பீன்சும் கீரையும் போட்ட ரிபொல்லீத்தா இரண்டும் காய்கறிச் சாறுதான் என்றாலும், இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பை நொதி சேர்க்கப்படுகிறது. கடுமையான சைவமென்றால் மேலே துருவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது, கடைக்காரர் மறந்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

எட்டுப் பேரும் சேர்ந்து போகும் மாலைக்கு போல்கெரியை வைத்துக்கொள்ளுங்கள். சான் குவீதோவிலிருந்து ஊர் வாசல் வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், வளைவே இல்லாத சாலை, இருபுறமும் சைப்ரஸ் மரச் சுவர். 1906இல் இத்தாலிக்கு முதல் இலக்கிய நோபல் பரிசைப் பெற்றுத்தந்த கார்துச்சி சிறுவயதில் வாழ்ந்த ஊர் அது. கோட்டை வளைவுக்குள் நுழைந்தால் ஒரே தெரு, மேடு கிடையாது. ஒயின் விலை மட்டும் எட்டாத உயரம். பக்கத்து மேட்டிலிருக்கும் கஸ்தஞேத்தோவிலிருந்து கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். சுவெரெத்தோ, கசாலே மாரித்திமோ, பிப்போனா எல்லாம் வழியில் வந்தால் இறங்குங்கள், தேடிப்போக வேண்டியதில்லை. எல்பாவுக்குக் கப்பல் ஏறும் ஆசையை இம்முறை விட்டுவிடுங்கள். ஒரு நாளில் அது வெறும் வரிசையில் நிற்பதாகவே முடியும்.

மூன்றாம்கியர் எழுதியது:

மைத்துனர் பொறியாளராக இருந்தால் லார்தெரெல்லோவைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூமிக்குள்ளிருந்து வரும் நீராவியால் 1904இல் முதன்முதலாக மின்விளக்கு எரியவைத்த இடம், வோல்தெர்ராவுக்குத் தெற்கே இருக்கிறது. மலைச்சரிவெல்லாம் பளபளக்கும் குழாய்கள் ஓடும். ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

வைகைக்கரை எழுதியது:

மைத்துனர் கார் ஆலையில்தான் வேலை பார்க்கிறார், விட்டால் அங்கேயே தங்கிவிடுவார். கடைசியாக ஒன்று: வோல்தெர்ரா மலை உச்சியில் இருக்கிறதே, அம்மா எப்படி ஏறுவார்?

நிழல்விரும்பி எழுதியது:

கீழே தொச்சோலா என்ற நிறுத்துமிடம் இருக்கிறது, அங்கே விட்டால் ஊருக்குள் வர நீண்ட படிக்கட்டு ஏற வேண்டும், அதைத் தவிர்த்துவிடுங்கள். மார்த்திரி தெல்லா லிபெர்த்தா சதுக்கத்துக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நிறுத்துமிடத்துக்கே நேராகப் போங்கள், கட்டணம் உண்டு. அங்கிருந்து 1208இல் கட்டத் தொடங்கிய ஊராட்சி மாளிகை இருக்கும் பிரியோரி சதுக்கத்துக்குச் சிறு நடைதான். குவர்னாச்சி அருங்காட்சியகம் அங்கிருந்து இன்னும் சற்றுத் தொலைவு, மெல்ல நடந்தால் அம்மாவால் முடியும். வளைவு வாயிலுக்கு இறங்கும் தெரு மட்டும் செங்குத்து. அப்பா போய்வரும்வரை அம்மா சதுக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும். சுற்றிலும் அலபாஸ்டர் கடைகள் இருக்கின்றன, கல்லைக் கடைந்து விளக்கு செய்வதைச் சில பட்டறைகளில் வாசலில் நின்றே பார்க்கலாம். ஒரு மணிக்குப் பிறகு சிறு கடைகள் பல மூடிவிட்டு நான்குக்கு மேல்தான் திறப்பார்கள், அதனால் காலை பத்துக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள்.